எழுநூறு கிராம்

மலாத்யா சந்தையில் என் வேலை எடை போடுவது.
காய்ந்த ஆப்ரிகாட், மூட்டை மூட்டையாக.
இருபத்தோரு வருடத்தில்
என் தராசைக் குறை சொன்னவன் ஒருவன்தான்,
அவனும் மறுநாள் வந்து தேநீர் வாங்கித் தந்தான்.

என்னை மட்டும் நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். எண்பத்தெட்டு.
பிறகு வயிற்றில் குளிர்ந்த பசை தடவி
கருவியை உருட்டிய பெண்
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
சாம்பலாய் இருக்கவேண்டிய ஈரல்
வெளுத்துத் தெரிந்ததாம்.
அடுத்த நாள் குழாய்க்குள் படுக்கவைத்து
அளந்தே சொல்லிவிட்டார்கள்:
நூற்றில் முப்பத்தைந்து பங்கு கொழுப்பு.
"இதை வெட்டி உங்கள் தம்பிக்கு வைக்க முடியாது, குலிசார்"
என்றார் மருத்துவர்,
மூட்டையில் புழு இருப்பதை
வியாபாரியிடம் நான் சொல்லும் அதே குரலில்.

வலித்ததா? இல்லை.
வலிக்காமலேதான் இருந்திருக்கிறது இத்தனை காலமும்.
ஈரலுக்கு வாய் கிடையாது.
கொடுத்ததை வாங்கி அடுக்கும் கிட்டங்கிக்காரன்,
இடம் போதாமல் கூரை பிளக்கும் நாள்வரை
ஒரு கடுதாசி போடமாட்டான்.

ஜெவ்தெத்தின் கிட்டங்கிக்கு அந்த நாள் வந்துவிட்டது.
பேக்கரியில் நின்றவன். நூற்றுப் பதினாறு கிலோ.
வெண்ணெய் தடவிய ரொட்டி முனையைக்
கிள்ளிக் கிள்ளியே பகலை ஓட்டியவன்.
இப்போது கையும் காலும் குச்சி,
வயிறு மட்டும் தண்ணீர்க் குடம்,
கண்ணில் மஞ்சள்.
"எவ்வளவு குடித்தானோ" என்றது தெரு.
ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவன்.
ஊர்வாயை மூட வீடு வீடாகப் போய்
மருத்துவக் காகிதத்தையா காட்டுவேன்?
காட்டினேன். இரண்டு வீட்டில்.

பத்து வாரம் கொடுத்தார்கள்.
ஒன்பது கிலோ இறங்கினால்
ஈரல் தன் கொழுப்பைத் தானே கழித்துவிடலாமாம்.
பட்டினி கிடக்காதே, அதுவும் அதற்கு ஆகாது என்றார்கள்.

நடந்தேன். பிப்ரவரிப் பனியில், கால்வாய் வீதியோரம்,
கணவனின் பழைய பூட்ஸில்.
சர்க்கரை விழாத தேநீர்
முதல் வாரம் செம்புக்காசு போல நாக்கில் கிடந்தது.
ரிஃபாத் தன் நெய்ச்சோற்றை
அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றபடி தின்றார்.
வாசனைக்குச் சுவர் உண்டா?
நான்காம் வாரம் முள் அசையவே இல்லை.
அன்று ஆத்திரத்தில் ஒரு மூட்டையை
இரண்டு கிலோ குறைத்துச் சொன்னேன்.
லாரி கிளம்புவதற்குள் ஓடிப்போய்த் திருத்தினேன்,
மூச்சு இரைக்க.

எங்கள் பேச்சில் ஆசையாய்க் கூப்பிட
"என் ஈரலே" என்போம்.
தொட்டில் நாளிலிருந்து அவனை
அப்படி அழைத்தே பழகிய வாய்.
அந்தப் பத்து வாரமும் அழைக்கவில்லை.
கடன்காரி தரும் வாக்கு மாதிரி இருந்தது.

ஒன்பதாம் வாரம் எழுபத்தொன்பதரை.
மறுபடி பசை, மறுபடி உருளல்.
இந்த முறை அந்தப் பெண்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை,
மழை பிடித்த கண்ணாடிபோல் ஏதோ.
குழாயிலிருந்து வந்த எண் மட்டும் விளங்கியது:
எட்டு.

எவ்வளவு வெட்டுவீர்கள் என்று கேட்டேன்.
தொழில் புத்தி.
ஏறக்குறைய எழுநூறு கிராம்.
மிச்சம் உள்ளேயே வளர்ந்துகொள்ளுமாம்.

சந்தைக்கு வந்து, ஆளில்லாத நேரம்,
நல்ல ரகமாய்ப் பொறுக்கி
எழுநூறு கிராம் நிறுத்தேன்.
பையில் போட்டு உள்ளங்கையில் ஏந்தினேன்.
இவ்வளவுதானா.

அதை எடுத்துக்கொண்டே போனேன்.
ஜெவ்தெத் பையைப் பிரித்து முகர்ந்தான்.
"எனக்கு இதெல்லாம் ஆகாதே."
"தின்னச் சொல்லவில்லை. தூக்கிப் பார்."
மஞ்சள் கையில் வாங்கினான்.
கை தாழ்ந்து போர்வையில் பட்டது.

"கனமாக இருக்கிறதே அக்கா" என்றான்.